போகாத பயணத்துக்கு ஒரு பில்

2020 ஏப்ரல் கடைசி. நான் அப்போது ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் இருந்தேன். அலுவலகம் பாதி ஆட்களோடு திறந்திருந்த ஒரு நாள், முகக்கவசத்தோடு ஓர் இளம் உதவிப் பேராசிரியர் வாசலிலேயே நின்று பயணப்படிப் படிவத்தைக் காட்டினார். மார்ச் 27ஆம் தேதி குவஹாத்தியில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கு பிப்ரவரியிலேயே விமான டிக்கெட் எடுத்திருந்தார். சொந்த கிரெடிட் கார்டில் கட்டிய பணம். படிவத்தின் முதல் கட்டம் ‘புறப்பட்ட நேரம்’ என்று கேட்டது. அடுத்தது ‘சென்றடைந்த நேரம்’.

“சார், நான் போகவே இல்லையே. இதில் எதை எழுதுவது?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தவர் அன்று எங்கள் பிரிவில் யாருமில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கும் ஆய்வுத் திட்டங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதை அடிப்படையிலிருந்தே சொல்லிவிடுகிறேன். விதி என்ன சொன்னது என்பது தெரிந்தால்தான் பெருந்தொற்று அதை எந்த இடத்தில் உடைத்தது என்பது புரியும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பயணப்படி, தினப்படி, அகவிலைப்படி என மூன்று படிகள் இருக்கின்றன. ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் மூன்றுமே ‘டி.ஏ.’தான். பயணப்படி என்பது போக்குவரத்து, தங்குமிடம், உணவு எல்லாம் சேர்ந்த மொத்தம். தினப்படி அதற்குள் அடங்கிய ஒரு பகுதி; வெளியூரில் இருக்கும் நாட்களுக்கானது. அகவிலைப்படிக்கும் பயணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது விலைவாசிக்காகச் சம்பளத்தோடு வருவது. 2020 ஏப்ரல் 23 அன்று மத்திய அரசு அகவிலைப்படி உயர்வை 2021 ஜூன் வரை நிறுத்திவைத்தபோது, ‘டி.ஏ. கட்’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டுத் தங்கள் பயண பில்லும் போயிற்று என்று பதறித் தொலைபேசியில் அழைத்தவர்கள் உண்டு.

இனி அடிப்படைக்கு வருவோம். பணி நிமித்தம் நீங்கள் வெளியூர் போகிறீர்கள். செலவை முதலில் நீங்கள் செய்கிறீர்கள், அல்லது முன்பணம் வாங்கிக்கொள்கிறீர்கள். திரும்பி வந்து கணக்குக் கொடுத்தால் நிறுவனம் அதை ஈடுசெய்கிறது. இதில் லாபமும் இருக்கக் கூடாது, நட்டமும் இருக்கக் கூடாது என்பதுதான் கொள்கை. கணக்குப் பார்ப்பவர் மூன்றே மூன்று கேள்விகள்தான் கேட்பார். போவதற்கு முன்பே ஒப்புதல் இருந்ததா? செலவு பணிக்காகத்தான் ஆனதா? அதற்கு ஆதாரம் எங்கே? மற்ற விதிகளெல்லாம் இந்த மூன்றின் கிளைகளே.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் தொகை எவ்வளவு என்பதை 2017 ஜூலை 13 தேதியிட்ட நிதி அமைச்சகத்தின் ஆணை சொல்கிறது. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி வந்தது. உங்கள் ஊதிய நிலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். உதவிப் பேராசிரியர் பணியில் சேர்வது நிலை 10-ல். பேராசிரியர் நிலை 14. அந்த ஆணையின்படி 2020-ல் நிலை 9 முதல் 11 வரை உள்ளவர்களுக்கு விடுதி வாடகை நாளொன்றுக்கு 2,250 ரூபாய் வரை, ஊருக்குள் போய்வர 338 ரூபாய் வரை, உணவுக்கு 900 ரூபாய். நிலை 14-க்கு விடுதி 7,500, உணவு 1,200. ரயிலில் இரண்டாம் வகுப்பு ஏ.சி.யா, விமானத்தில் எந்த வகுப்பு என்பதும் நிலையைப் பொறுத்ததே. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தமிழக அரசின் பயணப்படி விதிகளைப் பின்பற்றுகின்றன. தொகைகள் வேறு, தத்துவம் ஒன்று.

உணவுத் தொகையில் ஒரு நுட்பம் உண்டு. அதற்கு ஹோட்டல் பில் தேவையில்லை. நீங்கள் தலைமையிடத்தை, அதாவது பணியாற்றும் ஊரை, விட்டு எத்தனை மணி நேரம் விலகியிருந்தீர்கள் என்பதை வைத்து மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. ஆறு மணி நேரத்துக்குள் என்றால் 30 சதவீதம், ஆறு முதல் பன்னிரண்டு வரை 70 சதவீதம், அதற்கு மேல் முழுத்தொகை.

அன்றைய தொகையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலை 10 ஆசிரியர் ஒருவர் ஞாயிறு மாலை 4 மணிக்குப் புறப்பட்டு டெல்லி போகிறார். புதன் காலை 11 மணிக்கு வீடு திரும்புகிறார். ஞாயிறு எட்டு மணி நேரம், ஆகவே 630 ரூபாய். திங்கள், செவ்வாய் தலா 900. புதன் பதினொரு மணி நேரம், மறுபடியும் 630. ஆக மொத்தம் 3,060 ரூபாய். அதே ஆள் புதன் பிற்பகல் ஒன்றரைக்கு வந்து சேர்ந்திருந்தால் 270 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கும். திரும்பும் ரயில் தாமதமானால் மகிழ்கிற ஒரே இனம் பயணப்படி தெரிந்தவர்கள்தான்.

இந்த அமைப்பு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பயணம் நடந்திருக்கும். புறப்பட்ட நேரம் இருக்கும், திரும்பிய நேரம் இருக்கும், நடுவே போர்டிங் பாஸ் இருக்கும். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு; அந்த வாரத்திலேயே பயணிகள் ரயில்களும், வெளிநாட்டு விமானங்களும், 25ஆம் தேதியோடு உள்நாட்டு விமானங்களும் நின்றன. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான படிவங்களில் ‘புறப்பட்ட நேரம்’ காலியாக நின்றது.

நடக்காத பயணத்துக்குப் பணமே கிடையாதா? கிடைக்கும்; ஆனால் பலரும் எண்ணுகிற விதத்தில் அல்ல. பயணம் அலுவல் காரணத்தாலோ ஊழியரின் கைமீறிய காரணத்தாலோ ரத்தானால், ரத்துக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று பழைய விதியிலேயே இருக்கிறது. ரத்துக் கட்டணத்தை மட்டும். டிக்கெட் விலையை அல்ல. ஏனென்றால், சாதாரண காலத்தில் டிக்கெட் விலையில் மீதம் உங்களுக்குத் திரும்பி வந்துவிடும், பிடித்துக்கொண்ட தொகைதான் உங்கள் நட்டம். ரயிலில் இது சிக்கலில்லாமல் நடந்தது. ரயில்வே தானே வண்டியை ரத்து செய்ததால் முழுத்தொகையும் திரும்பியது. இணையத்தில் எடுத்தவர்களுக்குத் தானாகவே வங்கிக்கு வந்தது. நட்டமில்லை, ஆகவே பில்லும் இல்லை.

விமானம்தான் முடிச்சு. விமான நிறுவனங்கள் கையில் பணமில்லாமல் தவித்த நேரம் அது. பணத்தைத் திருப்பித் தராமல் அதே மதிப்புக்கு ஒரு வரவை உங்கள் பெயரில் எழுதிவைத்தார்கள். இதற்குப் பெயர் ‘கிரெடிட் ஷெல்’. பிற்பாடு பறக்கும்போது கழித்துக்கொள்ளலாம். இதை நம் விதிக்குள் வைத்துப் பாருங்கள். ரத்துக் கட்டணம் பூஜ்யம். ஆகவே காகிதத்தில் ஊழியருக்கு நட்டமில்லை. ஆனால் அவர் கார்டிலிருந்து போன ஆறாயிரத்துச் சொச்சம் அவரிடமும் இல்லை, நிறுவனத்திடமும் இல்லை. செலவு ஆகவுமில்லை, ஆகாமலுமில்லை. தணிக்கையில் திரிசங்கு சொர்க்கத்துக்குக் கட்டம் கிடையாது.

விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஏப்ரல் 16 அன்று ஓர் அறிவுரை வெளியிட்டது. முதல் ஊரடங்கு நாட்களில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு மட்டும் மூன்று வாரத்தில் முழுப்பணம் என்றது அது. ஊரடங்கில் யார் டிக்கெட் எடுத்திருப்பார்கள்? முன்கூட்டியே திட்டமிட்டு பிப்ரவரியில் எடுத்தவர்கள் வெளியே நின்றார்கள். நம் குவஹாத்திக்காரரும் அவர்களில் ஒருவர். கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. ஊரடங்குக்கு முன் எடுத்த டிக்கெட்டுகளுக்கு 15 நாட்களில் பணம் தர முயல வேண்டும். நிதி நெருக்கடியால் முடியாவிட்டால் 2021 மார்ச் 31 வரை செல்லும் கிரெடிட் ஷெல் தரலாம். அதன் மதிப்பு 2020 ஜூன் வரை மாதம் அரை சதவீதமும் அதன்பின் முக்கால் சதவீதமும் ஏற வேண்டும். அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். கெடு முடிந்தும் பயன்படாமல் கிடந்தால் பணமாகத் திருப்பித் தர வேண்டும். முகவர் வழியே எடுத்த டிக்கெட் என்றால் பணம் முகவருக்குப் போய், அவர் உடனே பயணிக்குக் கொடுக்க வேண்டும்.

பயணிக்கு இது நியாயமான தீர்ப்பு. நிதிப் பிரிவுக்கோ புதுத் தலைவலி. அந்த ஷெல் யாருடையது? டிக்கெட் ஆசிரியர் பெயரில் இருக்கிறது. ஆனால் சிலருக்கு நிறுவனம் முன்பணம் கொடுத்திருந்தது, சிலருக்கு ஆய்வுத் திட்டத்திலிருந்து நேரடியாக டிக்கெட் எடுத்திருந்தோம். அப்படியானால் அந்த வரவு திட்டத்தின் பணம். அதில் தீபாவளிக்கு ஊருக்குப் பறக்க முடியாது. பறந்தால் அது பொதுப்பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததாகும். யாரும் திருட நினைத்துச் செய்வதில்லை. முன்பதிவுப் பக்கத்தில் ‘உங்கள் இருப்பு’ என்று காட்டும்போது கை தானாக அழுத்திவிடும். எங்கள் பிரிவில் இதற்கென்று ஒரு நோட்டு போட்டோம்: யார் பெயரில், எந்தத் திட்டத்தின் பணம், எவ்வளவு, எப்போது காலாவதி. முப்பது வருடம் கணினிமயமாக்கிய பிறகு, நீல அட்டை போட்ட கோடு நோட்டு!

இதன் இன்னொரு முகம் இரட்டைப் பணம். சில இடங்களில் நிர்வாகம் இரக்கப்பட்டு டிக்கெட் விலையை ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டது. ஓராண்டு கழித்து விமான நிறுவனமும் அவர் கார்டுக்குப் பணத்தை அனுப்பியது. இரண்டாவது தொகை அவருடையது அல்ல. நிறுவனத்தில் கட்டிவிட வேண்டும். இதற்குள் நிதியாண்டு மாறியிருக்கும், திட்டமே முடிந்து, பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பியிருப்பார்கள். முடிந்த திட்டத்துக்குத் திரும்பி வந்த பணத்தை நிதி கொடுத்த அமைப்புக்கே அனுப்ப வேண்டும். புதியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்: பில் பாஸ் ஆனதோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பது.

2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின, மூன்றில் ஒரு பங்கு அளவில். அதோடு ஆதாரம் என்கிற மூன்றாவது கேள்வி தடுமாறியது. எல்லாரும் இணையத்திலேயே செக்-இன் செய்ய வேண்டும் என்றார்கள்; போர்டிங் பாஸ் தொலைபேசித் திரைக்குள் போய்விட்டது. கிழித்த துண்டைப் பில்லில் குண்டூசியால் குத்திப் பழகிய தணிக்கையாளருக்குத் திரையைப் படம்பிடித்து அச்சிட்ட காகிதம் உறுத்தியது. பழைய அட்டைகளின் கதை இன்னும் மோசம். மார்ச் முதல் வாரம் போய்வந்து, பில் போடுவதற்குள் ஊரடங்கில் மாட்டியவர்கள் செப்டம்பரில் மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்த போர்டிங் பாஸ்கள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. வெப்பத்தில் அச்சாகும் தாள் வெப்பத்திலேயே அழிந்துபோகும். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து இருக்கை எண்ணைத் தேடியிருக்கிறேன். கையில் கிடைத்த அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராத ஒரு நல்ல ஆதாரம் தமிழகத்தில் கிடைத்தது: இ-பாஸ். 2020 ஆகஸ்ட் முடியும்வரை மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே அது வேண்டியிருந்தது. தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, எதற்காக என்று எல்லாம் அதில் இருந்தன. ஊரடங்கில் மக்களைப் படாதபாடு படுத்திய அந்தக் காகிதத்தை நான் மட்டும் ரகசியமாக நேசித்தேன்.

கெடு பற்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பயணம் முடிந்து ஓராண்டுக்குள் பில் கொடுத்தால் போதும். 2018 மார்ச்சில் அதை 60 நாளாகக் குறைத்தார்கள். முன்பணம் வாங்கியிருந்தால் 15 நாட்களில் கணக்குத் தீர்க்க வேண்டும். ஊரடங்கு மட்டும் 60 நாளைத் தாண்டியது. கெடு தவறியவர்களில் பிழைத்தவர்கள் யார் தெரியுமா? ‘இன்ன காரணத்தால் பில் தர முடியவில்லை, அலுவலகம் திறந்ததும் தருகிறேன்’ என்று வீட்டிலிருந்தே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பியவர்கள். தேதியோடு கோப்பில் ஏறிய அந்த ஒரு வரியை வைத்து உரிய அதிகாரியிடம் விலக்கு கேட்க முடிந்தது. “எல்லாருக்கும் தெரிந்த ஊரடங்குதானே” என்று சும்மா இருந்தவர்களுக்காக வாதாட எங்களிடம் காகிதமே இல்லை.

தனிமைப்படுத்தல் இன்னும் கடினமான கேள்வி. 2020 மே இறுதியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, வெளிநாட்டிலிருந்து வருபவர் ஏழு நாள் சொந்தச் செலவில் குறிப்பிட்ட இடத்தில் தங்க வேண்டும், பிறகு ஏழு நாள் வீட்டில். பணிக்காகப் போய் வெளிநாட்டில் சிக்கி, கிடைத்த விமானத்தில் திரும்பி, சென்னை விடுதியில் ஏழு நாள் அடைபட்டவருக்கு யார் வாடகை கொடுப்பது? அவர் இன்னும் தலைமையிடம் வந்து சேரவில்லை; ஆனால் பணியிலும் இல்லை. இதற்கு மிக அருகில் வரும் பழைய விதி ஒன்று உண்டு: வெள்ளம், நிலச்சரிவு, பனி போன்றவற்றால் வழியில் கட்டாயமாக நிற்க நேர்ந்தால் அதைப் பணிக்காலமாகக் கொள்ளலாம் என்பது. மலைப்பாதையை மனதில் வைத்து எழுதிய விதி. கிருமியும் ஒரு நிலச்சரிவுதான் என்பது என் கட்சி; அப்படியே குறிப்பும் எழுதினேன். வீட்டில் இருந்த அடுத்த ஏழு நாளுக்கு அந்த வாதம் செல்லாது. தலைமையிடம் வந்தாயிற்று என்றால் பயணம் முடிந்தது. அதன்பின் அது விடுப்பா, வீட்டிலிருந்து வேலையா என்பது நிர்வாகப் பிரிவின் பாடு.

பரிசோதனைக் கட்டணமும் அப்படித்தான் இடமில்லாமல் அலைந்தது. 2020 நவம்பரில் டெல்லி போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் வருபவர்களிடம் மகாராஷ்டிரம் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்று கேட்டது. அந்தச் செலவு போக்குவரத்தா, தங்குமிடமா, உணவா? மூன்றும் இல்லை. பயண ஒப்புதல் கேட்கும் கடிதத்திலேயே ‘கட்டாயப் பரிசோதனைக் கட்டணம் உட்பட’ என்று நான்கு சொல் சேர்த்தவருக்குப் பணம் சுலபமாக வந்தது. புதிதாக முளைக்கும் எந்தச் செலவுக்கும் இதுதான் வழி. நடந்தபின் நியாயம் கேட்பதைவிட, நடக்குமுன் அனுமதி கேட்பது மலிவு.

கருத்தரங்கு, வெளிநாடு என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் அதிகம் வரும் பில் எது தெரியுமா? முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளருடையது. ரயில் டிக்கெட், விருந்தினர் இல்லம், நிலையத்திலிருந்து டாக்ஸி, மதிப்பூதியம். 2020 ஏப்ரல் 29 அன்று பல்கலைக்கழக மானியக் குழு வாய்மொழித் தேர்வைக் காணொளியில் நடத்தலாம் என்றது. ஒரே நாளில் அந்த பில்களின் குவியல் காணாமல் போனது. மதிப்பூதியம் மட்டும் தொடர்ந்தது. தேர்வாளரை அழைத்துவருவது, நல்ல ஹோட்டலில் சாப்பிடவைப்பது, சால்வை என்று ஆய்வாளர் தலையில் விழுந்துகொண்டிருந்த, எந்தப் படிவத்திலும் ஏறாத செலவும் கூடவே போனது. பெருந்தொற்று செய்த ஒரே உபகாரம் இதுதான் என்று ஓர் ஆய்வு மாணவி என்னிடம் சொன்னார்.

அதன்பின் பயணம் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. 2021 ஜூனில் நிதி அமைச்சகம், உள்நாடு, வெளிநாடு என எல்லாப் பயணமும் அடங்கிய கட்டுப்படுத்தக்கூடிய செலவுகளில் 20 சதவீதம் குறைக்கச் சொன்னது. அதே ஆண்டு இறுதியில், அரசுப் பணத்தில் பறந்தால் ஏர் இந்தியாதான் என்ற பழைய கட்டாயம், அந்த நிறுவனத்தின் விற்பனையை ஒட்டி முடிந்தது. 2022 ஜூனில் வந்த ஆணை பயணத்துக்கு 21 நாள் முன்பே, இருப்பதில் குறைந்த கட்டணத்தில் எடுக்கச் சொல்கிறது; 72 மணி நேரத்துக்குள் எடுத்தாலோ, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலோ காரணம் எழுத வேண்டும். டிக்கெட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று முகவர்கள் வழியே எடுக்க வேண்டும். 21 நாள் முன்பே எடுத்தவர்தான் 2020-ல் அதிகம் மாட்டினார் என்று அந்த ஆணையை எழுதியவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

குவஹாத்திக்காரர் என்ன ஆனார்? அந்த ஏப்ரலில் நாங்கள் அவருக்குப் பணம் தரவில்லை. ‘டிக்கெட் ரத்து, தொகை நிலுவை’ என்று ஒரு கடிதம் மட்டும் வாங்கிக் கோப்பில் போட்டோம். கோபத்தோடுதான் எழுதிக் கொடுத்தார். கருத்தரங்கு இணையத்தில் நடந்தது. கட்டிய பதிவுக் கட்டணம் அதற்கே சரியாகிவிட்டது. ஷெல்லை அவர் தொடவில்லை. 2021 ஏப்ரல் நடுவில், வங்கி அறிக்கையோடு மறுபடி வந்தார். டிக்கெட் பணம் முழுவதும் கார்டுக்கு வந்திருந்தது, முன்பதிவுச் சேவைக் கட்டணம் 295 ரூபாய் தவிர. அது யாரும் திருப்பித் தராத, உண்மையிலேயே அவர் இழந்த தொகை. ஓராண்டுக்கு முந்தைய கடிதம் இருந்ததால் கெடுவும் தடையாகவில்லை.

‘புறப்பட்ட நேரம்’ கட்டத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டு, ‘பயணம் மேற்கொள்ளப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னேன். 295 ரூபாய் பாஸானது. கோப்பில் பத்தொன்பது பக்கங்கள் இருந்தன.